வளவுக்குள் யார் வந்தது? வன்னிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி வரும். அந்த வீதியிலிருந்து உள்ளே, ஒரு குளத்துக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற சொந்தங்கள், பழைய காணியைத் துப்புரவாக்கி வீடு போட வருகிறவர்கள், மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். பாதி கடையைப் பற்றி, மீதி வளவுக்குள் வந்துபோகும் சீவன்களைப் பற்றி. எழுதிவைத்தால் எனக்கும் வாய் நோவு மிச்சம்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

கடைக்குப் போங்கள். சாமான் தேவையில்லை என்றாலும் போய் ஒரு நெருப்புப்பெட்டியாவது வாங்குங்கள். இரவு யானை எந்தப் பக்கத்தால் இறங்கியது, யாருடைய மரவள்ளியைப் பன்றி கிளறியது, எந்தக் கிணற்றடியில் புடையன் பாம்பு கிடந்தது என்பதெல்லாம் விடிய ஆறு மணிக்குக் கடை வாங்கிலில் வந்து சேர்ந்துவிடும். பால் கொண்டு போகிறவர், குளத்துக்கு வலை போட்டுவிட்டு வருகிறவர், வயலில் காவல் இருந்துவிட்டுக் கண் சிவக்க வருகிறவர் என்று மூன்று பக்கத்தாலும் செய்தி வரும். புதிதாக வந்தவர்கள் இதை ஊர்வம்பு என்று நினைக்கிறார்கள். வம்பும் இருக்கிறதுதான். ஆனால் இன்றிரவு வாழைக்குலையை வெட்டி உள்ளே வைப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்த வம்பைக் கேட்டுத்தான் எடுக்கிறோம்.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

அரிசி, பருப்பு, சீனி, தேங்காயெண்ணெய், நுளம்புத்திரி, சைக்கிள் ரியூப், கொப்பி பேனை, ரோச் லைற், போனுக்கு ரீலோட், மரத்தடியில் ஒரு சாக்கு மாட்டுத் தவிடு. பாண் காலையில் வரும், எட்டு மணிக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பின்னேரத்தில் பணிசும் பாணும் ஏற்றிய ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அது பேதோவனின் இசை என்று யாரோ சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது பணிஸ் பாட்டு.

மரக்கறி கடையில் குறைவு, ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று காய்க்கிறது. மீன், மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவரிடம். கடல்மீன் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்தும், விராலும் திலாப்பியாவும் நம் குளத்திலிருந்தும் வரும். பெரிய சாமான் என்றால் மாங்குளமோ முள்ளியவளையோ புதுக்குடியிருப்போ போகத்தான் வேண்டும்.

மத்தியானம் கடை பூட்டியிருந்தால் கதவைத் தட்டாதீர்கள். கடை அக்கா சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருப்பா.

கடன் கொப்பி என்றால் என்ன? எனக்கும் எழுதுவார்களா?

சாமான் வாங்கி, பெயரும் தொகையும் எழுதிவிட்டு, நெல்லு விற்றதும் அல்லது சம்பளம் வந்ததும் தீர்ப்பது. பெரும்போக நெல் வெட்டி முடியும் மாசி, பங்குனியில் கொப்பிகள் மெலியும். பிறகு கச்சான் பிடுங்கும்வரை மெல்ல மெல்லத் தடிக்கும். யானையோ பன்றியோ வயலுக்குள் இறங்கிய வருசத்தில் கொப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாருடைய வயல் என்று. கடைக்காரர் அதை யாருக்கும் காட்டமாட்டார், கேட்கவும் கூடாது.

விடுமுறைக்கு வந்தவருக்குக் கொப்பி தேவையில்லை. காசைக் கொடுத்துவிடுங்கள்.

சங்கக்கடை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் வாங்க வரிசையில் நின்ற இடம். இப்போது கூட்டம் குறைவு, ஆனால் சில சாமான் தனியார் கடையைவிட மலிவு.

விடிய எழும்பினால் வளவு முழுக்கக் கிளறிக் கிடக்கிறது. யார் வேலை?

அடையாளம் பாருங்கள். மண் உழுததுபோல் பெரிதாகப் புரண்டு, மரவள்ளிக் கிழங்கு பாதி கடித்தபடி கிடந்தால் பன்றி. கரையான் புற்றையோ எறும்புப் புற்றையோ ஒரு பக்கத்தால் ஆழமாகத் தோண்டியிருந்தால் அழுங்காக இருக்கலாம். தென்னங்கன்றின் அடியை மண்ணோடு தோண்டிக் குருத்துவரை கறம்பியிருந்தால் முள்ளம்பன்றி. அது பெரும்பாலும் ஒரு முள்ளையாவது விட்டுப்போகும். கன்றைச் சரித்து, ஓலையெல்லாம் அப்படியே கிடக்க நடுக்குருத்தை மட்டும் உருவி எடுத்திருந்தால் அது யானை. ஐயப்பட வேண்டியதே இல்லை. பக்கத்தில் தட்டுப்போல வட்டக் காலடி இருக்கும், சில வேளை வேலிக்கட்டையும் கீழே கிடக்கும்.

வைகாசி, ஆனியில் பாலைப்பழக் காலத்தில் யானை இலத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் பாலை விதைகள் கறுத்து மினுங்கிக்கொண்டு இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் கடிதம்.

யானை ஏன் வீட்டுவரை வருகிறது? காட்டுக்குள் சாப்பாடு இல்லையா?

இருக்கிறது. ஆனால் வாழை, தென்னை, பலாப்பழம், விளாம்பழம், மூடையில் நெல்லு எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வீட்டுக்குள் அடுக்கிய நெல் மூடையின் மணத்துக்குச் சுவரை இடித்த யானைகள் உண்டு. உப்பு மணத்துக்கும் வரும். வறட்சியில் காட்டுக் குளங்கள் வற்றினால் ஊர்க்குளத்துக்குத் தண்ணீருக்கு வரும்போது வழியில் வளவு அகப்படும்.

இன்னொன்றும் உண்டு. யுத்தத்தால் பல வருசம் சனம் இடம்பெயர்ந்திருந்த காணிகளில் பற்றை வளர்ந்து, யானைக்கு அது நடைபாதையாகிவிட்டது. மீள்குடியேறி வந்த நாங்கள் அந்தப் பாதையின் நடுவில் வேலி போட்டோம். யானை பழைய வழியாலேயே வருகிறது. 2011 இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கை முழுவதிலும் 5,879 யானைகள். அதில் எங்கள் பங்கு அதிகம் என்று கடையில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள்.

இரவு யானை வந்துவிட்டது. என்ன செய்வது?

வெளியே போகாதீர்கள். இதுதான் முழுப் பதில், மிச்சம் விளக்கம். படம் எடுக்கப் போகாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள். நாய் குரைத்துக்கொண்டு முன்னால் ஓடும், யானை திரும்பினால் நாய் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னால் யானை. வீட்டுக்குள் யானை நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையில் இருங்கள். அயலுக்குப் போன் அடியுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. கிராம சேவையாளரின் இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள்.

யானை வெடி என்று திணைக்களம் கொடுக்கும் வெடி இருக்கிறது. அதைப் பழகியவர்கள் போடட்டும். கையில் வெடித்து விரல் போனவர்கள் இருக்கிறார்கள். இருட்டோடு சைக்கிளிலோ மோட்டார்சைக்கிளிலோ காட்டு வீதியால் போவதைத் தவிருங்கள். அதுவும் மழை இருட்டில், யானை வீதியில் நிற்பது லைற் வெளிச்சத்தில் சாம்பல் மதில்போலத்தான் தெரியும்.

சேதம் நடந்தால் எதையும் ஒதுக்க முன் படம் எடுங்கள், கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள். நெல், சோளம், மிளகாய் போன்றவற்றுக்குக் காப்புறுதி பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். பயிர் வைக்கும்போதே பதிந்திருந்தால் பேச்சு லேசு.

மின்வேலி போட்டால் போதுமா?

முறையான மின்வேலி விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னோட்டத்தில் வேலை செய்கிறது. அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது குற்றம், யானையும் சாகும், அயல்வீட்டுப் பிள்ளையும் சாகும். முறையான வேலியும் பராமரிப்பில்தான் நிற்கிறது. கொடி படர்ந்தால் மின் கசிந்து சக்தி குறையும். யானையும் லேசுப்பட்டதில்லை, காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பியின்மேல் விழுத்திவிட்டுக் கடந்து போகும்.

பன்றிக்கு என்ன செய்கிறார்கள்?

பழைய சேலைகளைத் தடியில் கட்டித் தோட்டத்தைச் சுற்றுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாண வீடு. மீன் ரின்களைக் கம்பியில் தூக்கிக் கட்டி, இழுத்தால் சத்தம் வரச் செய்வார்கள். சிலர் சலூனில் வெட்டிப்போட்ட முடியைச் சாக்கில் வாங்கி வந்து வேலியோரம் தூவுகிறார்கள். மூக்கில் ஏறினால் பன்றி திரும்பும் என்று கணக்கு. சலூன்காரத் தம்பியைக் கேட்டால் "முடி வெட்ட வாற ஆக்களைவிட முடி கேட்டு வாற ஆக்கள்தான் கூட" என்று சிரிப்பார்.

கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் பன்றிவெடியும் வேண்டவே வேண்டாம். இரண்டும் சட்டப்படி குற்றம். பன்றிவெடியை யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறி, சாப்பிட முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும். கட்டுத்துவக்கில் மாட்டுப்படுவது விறகுக்குப் போன மனிசராகவும் இருக்கலாம்.

குரங்குத் தொல்லைக்கு மருந்து உண்டா?

இல்லை. சரி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே இரண்டு வகை. தலைமயிர் வட்டத் தொப்பிபோல் நிற்கும் மண்ணிறக் குரங்கு ஒன்று, கறுத்த முகமும் நீண்ட வாலுமுள்ள சாம்பல் மந்தி மற்றது. மந்தி பெரும்பாலும் இலை, பூ, பிஞ்சு என்று மரத்தோடு நிற்கும். குரங்குதான் குசினிக்குள் வரும். முருகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிற்பாட்டித் தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுட வறுத்த கச்சான் சரையை வாங்கியவர்களுக்கு அதன் கைவேகம் தெரியும்.

இளநீரைப் பிஞ்சிலேயே திருகிப் போடும். மாங்காயை ஒரு கடி கடித்துவிட்டு எறியும். மனிதரை எண்ணும் என்றும் ஊரில் சொல்வார்கள். வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறதாம். எங்கள் கடை அக்கா முட்டைத் தட்டைக் கூரைத் தகரத்துக்குக் கீழே கம்பி வலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பது காசுக்குப் பயந்து இல்லை.

குரங்குப் பிரச்சினை வன்னிக்கு மட்டும் உரியதில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க மின்சாரம் போனது. அடுத்த மாதம், மார்ச் 15 காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, தங்கள் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயிலை எண்ணிப் பதியுமாறு அரசாங்கம் நாட்டு மக்கள் எல்லோரையும் கேட்டது. ஐந்து நிமிடத்துக்குக் குரங்கை அசையாமல் நிற்கச் சொல்லுவது யார் என்றுதான் கடையில் பேச்சு.

சாப்பாடு கொடுத்துப் பழக்காதீர்கள். அடுப்படிக் குப்பையை மூடி வையுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள். நாய், பூனை, கீரி கடித்தாலும் இதேதான்.

மயில் அழகாக இருக்கிறதே, ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

உழுந்து போட்டுவிட்டு அடுத்த நாள் போய்ப் பாருங்கள், நீங்களும் திட்டுவீர்கள். விதை, முளை, பழுத்த மிளகாய், நெற்கதிர் எதையும் விடாது. ஆனால் முருகனின் வாகனம் என்பதால் கல்லெறியும் கையும் அரைமனதோடுதான் எறியும். "அப்பனே, உன்ரை வாகனத்தைக் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லிச் சொல்லி விரட்டும் ஒரு ஆச்சி எங்கள் ஒழுங்கையில் இருக்கிறா.

பாம்பு கண்டால்?

பெரும்பாலும் அது சாரையாக இருக்கும். எலி பிடிக்க வந்தது, போய்விடும். கோழிக்கூட்டில் சுருண்டு கிடக்கும் வெங்கிணாந்தியும் விசமில்லாதது, கோழியை எண்ணிப் பார்த்துவிட்டு 1992க்கு அடியுங்கள். பயப்பட வேண்டியவை நாகம், புடையன் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி விரியன், கறுத்த உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வளைந்த கட்டு விரியன், கடற்கரைப் பக்க மணல் நிலத்தில் சுருட்டை விரியன். நெல் அருவி வெட்டுக் காலத்தில் புடையன் கவனம், வைக்கோல் தூக்கும்போது காலில் சப்பாத்து இருக்கட்டும்.

கட்டு விரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் வீட்டுக்குள் வரும், நிலத்தில் பாயில் படுத்தவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியப்புறம் வயிற்று நோவு, கண்ணிமை சோர்ந்து விழுதல், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் "ஏதோ ஒத்துவராத சாப்பாடு" என்று இருந்துவிடாதீர்கள். கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிக்கொண்டு படுங்கள்.

கடித்தால் வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியோ கிளிநொச்சியோ மாங்குளமோ, எது கிட்ட என்று அவர்களுக்குத் தெரியும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் போதும். நேரத்தைக் குறித்து வையுங்கள். விசகடி வைத்தியரிடம் போவதென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு போய் நன்றி சொல்லுங்கள், அவருக்கும் கோபம் வராது.

முதல் மழையன்று ஏன் எல்லோரும் லைற்றை நூர்க்கிறார்கள்?

ஈசல். ஐப்பசியில் காய்ந்த மண் முதல் நனைந்த மாலை, வேலியோரத்து மண்ணில் விரல் நுனியளவு துளைகள் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஈசல் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு வெளிவரும். செட்டை இன்னும் ஈரம், முதலில் கொஞ்சத் தூரம் நடக்கும், பிறகு ஒரேயடியாக எழும்பும். லைற் எரியும் வீட்டுக்குள் சோற்றுக்கோப்பைவரை விழும். அரை மணித்தியாலத்தில் தரையெல்லாம் உதிர்ந்த செட்டை, விளக்குமாற்றால் கூட்டினால் எழும்பிப் பறக்கும், தண்ணீர் தெளித்துத்தான் கூட்ட வேண்டும்.

ஈசலுக்குப் பின்னால் பல்லியும் தேரையும் தவளையும் வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். அதனால்தான் நூர்க்கிறோம். முற்றத்தில் ஒரு லைற்றை மட்டும் போட்டு, கீழே வாயகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் பாதி ஈசல் அதற்குள் விழும். விடியக் கோழிக்கு விருந்து.

வீட்டு விறாந்தையில் பல நிறத்தில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. என்ன குருவி?

ஒக்ரோபர், நவம்பர் என்றால் அநேகமாக ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, தோளில் மினுங்கும் நீலம், மண்ணிற வயிறு, வாலடியில் சிவப்பு. வாலோ இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் கட்டை. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடு இரவாகக் கடலைத் தாண்டி இங்கே வருகிறது. வந்து சேரும்போது களைத்துப்போய் வெளிச்சத்துக்கு இழுபட்டு வீட்டுக்குள் புகுந்துவிடும், சுவரில் மோதியும் விழும்.

கையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். காற்றுத் துளை போட்ட கடதாசிப் பெட்டிக்குள், இருட்டில், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சில மணித்தியாலத்தில் தெம்பு வந்துவிடும், விடியக் காலையில் மரநிழலில் பெட்டியைத் திறந்துவிட்டால் தத்திக்கொண்டு பற்றைக்குள் போகும். சித்திரை மட்டும் உங்கள் வளவிலேயே நின்று, காலையும் மாலையும் மங்கல் நேரத்தில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். பெயர் வந்ததும் அந்த நேரத்தால்தான்.

எனக்குக் கேட்டால், வன்னி வளவுக்கு வரும் எல்லா விருந்தாளியிலும் இதுதான் உச்சம். யானை வந்தால் ஊரே பேசும், இதைப் பேச ஆளில்லை.

கூரையில் இரவு யாரோ நடக்கிறார்கள். பேயா?

மரநாய். பழுத்த பப்பாசியும் வாழையும் தேடி வருகிறது. பனையில் கட்டிய கள்ளு முட்டியிலும் வாய் வைக்கும், அதற்குச் சீவல் தொழிலாளரிடம் கேளுங்கள், நல்ல கதை வைத்திருப்பார்கள். கோழிக்கூட்டின் கதவை இறுகப் பூட்டுங்கள்.

மரத்தில் ரோச் அடித்தால் இரண்டு சிவப்புக் கண் அசையாமல் பார்க்கிறது.

தேவாங்கு. பூச்சி தின்னும் சின்னப் பிராணி, வாலில்லை, மெல்ல மெல்லக் கிளை மாறும். கண்டால் கூடாத சகுனம் என்று சொல்லி அடித்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரவள்ளித் தோட்டத்துக்கும் கோழிக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை. ரோச்சை நூர்த்துவிடுங்கள், கண் கூசும்.

உடும்பா கபரக்கொய்யாவா, எப்படிக் கண்டுபிடிப்பது?

உடும்பு மங்கல் மண்ணிறம், காய்ந்த இடத்தில் திரியும், மூக்குத் துளை கண்ணுக்குக் கிட்ட. கபரக்கொய்யா பெரிது, கறுப்பில் மஞ்சள் புள்ளி, மூக்குத் துளை நுனியில், குளத்தோடும் வாய்க்காலோடும் நிற்கும். இரண்டையும் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. உடும்புக் கறி பற்றிக் கேட்கிறவர்களுக்கும் அதே பதில்தான்.

ஆமை ஒன்று வந்தது. பிள்ளை வளர்க்க ஆசைப்படுகிறான்.

ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடு இருந்தால் அது நட்சத்திர ஆமை. 2019 இல் உலக வணிகத் தடைப் பட்டியலின் முதல் வரிசைக்கு ஏற்றப்பட்டது, அவ்வளவுக்குக் கடத்துகிறார்கள். உதிர்ந்த பூவையும் பூசணிப் பிஞ்சையும் தின்றுவிட்டு அதுவாகப் போய்விடும். போகும்வரை பிள்ளை பார்க்கட்டும்.

சிறுத்தை வருமா?

மிக அரிது. வந்தால் கூட்டம் கூடாதீர்கள். 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்துக்குள் ஒரு சிறுத்தை புகுந்தபோது சனம் சூழ்ந்துகொள்ள, வனசீவராசிகள் அலுவலர் உட்படப் பலர் காயப்பட்டார்கள், கடைசியில் சிறுத்தையை அடித்துக் கொன்றார்கள். வழி விட்டிருந்தால் இரு பக்கமும் தப்பியிருக்கும் என்பது என் எண்ணம். ஊருக்குள் அன்று நின்றவர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களுடைய பயமும் பொய்யில்லை.

பன்றியையோ மயிலையோ விரட்டிக்கொண்டு பற்றைக்குள் போகலாமா?

போகாதீர்கள். துப்புரவாக்காத காணிகளில், பழைய பதுங்குகுழி, மண் அணை இருந்த இடங்களில் வெடிக்காத பொருட்கள் இன்னும் அகப்படுகின்றன. மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை இருந்தால் பன்றியாவது மயிலாவது, அந்தப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கிணற்றுக்குள் ஏதாவது விழுந்துவிட்டால்?

கீரி, மரநாய், உடும்பு என்றால் நீளத் தடி ஒன்றையோ முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றையோ இறக்கிச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். இரவுக்குள் ஏறிவிடும். நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் ஏறாது. கட்டில்லாத தோட்டக் கிணற்றில் யானைக்குட்டி விழுந்தால் அது திணைக்களத்தின் வேலை, மண்வெட்டும் இயந்திரம் கொண்டுவந்து ஒரு கரையைச் சரித்துத்தான் எடுப்பார்கள். தாய் பக்கத்தில் நிற்கும், ஆகவே நீங்கள் நிற்காதீர்கள். கிணற்றுக்குக் கட்டுக் கட்டிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

எந்தச் சீவனும் வந்து தின்னாத மரம், பயிர் ஏதாவது இருக்கிறதா? அதைத்தான் நட நினைக்கிறேன்.

எல்லோரும் கடைசியில் கேட்பது இது. தேசிக்காயை யானையும் குரங்கும் பெரும்பாலும் தீண்டாது, முள்ளும் இருப்பதால் வேலியோரத்துக்கு நல்லது. கறிவேப்பிலை, மஞ்சள், இஞ்சி, எள்ளு பரவாயில்லை. மிளகாயை யானை விடும், மயில் விடாது. கத்தரிப் பிஞ்சு குரங்கின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. வாழையும் தென்னையும் வேண்டுமென்றால் வீட்டோடு ஒட்டி நடுங்கள், காட்டுப் பக்க எல்லையில் வேண்டாம்.

தேசிக்கன்று கடை அக்காவிடம் சொல்லிவைத்தால், முள்ளியவளைச் சந்தைக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லி எடுப்பித்துத் தருவா. மாரி மழைக்கு முன் சொல்லுங்கள், பிறகு கேட்டால் கன்று முடிந்துவிட்டது என்பா.